முழங்காலில் ரெண்டு தட்டு

அந்தச் சன்னல் சீட்டைக் கொஞ்சம் எனக்குக் குடுக்க முடியுங்களாண்ணா? வேண்டாம், வேண்டாம், எந்திரிக்காதீங்க. மடியில மிக்சியை வெச்சுக்கிட்டு நீங்க நகர்றது செரமம். போச்சாதுங்க, பரவால்லை. எதுக்குக் கேட்டேன்னா, மூஞ்சில காத்து அடிக்காட்டி எனக்கு வயித்தைப் பொரட்டுது. பஸ்ஸுல போயிப் பழக்கமில்லீங்க. வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து வண்டி வண்டின்னே இருந்துட்டேன். பொள்ளாச்சில இருந்து உடுமலைக்கு என்ற வண்டியில கெளம்புனா, இந்த பஸ்ஸு ஊர் எல்லையைத் தாண்டறதுக்குள்ள நான் அங்க போயி டீக் குடிச்சிருப்பேன். இப்பப் பாருங்க, முன்னால ஒருத்தரோட கோழிக்கூடை, பின்னால ஒருத்தரோட முழங்கை, நடுவுல நானு. திரும்பக்கூட எடமில்லை.

என்னங்க? என்னை எங்கியோ பார்த்தாப்பல இருக்குதுங்களா? இருக்குமுங்க. நெறையப் பேரு கேப்பாங்க. உங்க ஊட்டுப் பசங்க போன்ல பார்த்திருப்பாங்க, நீங்க எட்டிப் பார்த்திருப்பீங்க. லோகு ரைடர். முழுப்பேரு லோகநாதன். பாலக்காடு ரோட்டுல ஸ்டிக்கர் கடை வெச்சிருக்கனுங்க. வண்டிக்கு நம்பர் எழுதறது, டேங்க்குல புலிப்படம் ஒட்டறது, 'அப்பா ஆசி', 'அம்மா துணை'ன்னு வெட்டி ஒட்டறது. அது பொழப்பு. வீலிங்குதான் உசுரு. முன்சக்கரத்தைத் தூக்கிட்டு, பின்சக்கரத்துல மட்டும் போறது. ரோட்டுல பார்த்திருப்பீங்களே? பார்த்துட்டுத் திட்டியும் இருப்பீங்க. போச்சாதுங்க, எல்லாரும் திட்டறதுதான்.

வண்டி இப்ப ஸ்டேசன்ல நிக்குது. வேப்பமரத்தடியில. டெய்லியும் அந்தப் பக்கமாப் போயி ஒரு பார்வை பார்த்துட்டு வருவேன். காக்கா எச்சம் போட்டு, சீட்டுத் தெரியாம கெடக்குது. லைசென்ஸை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல புடிச்சு வெச்சுட்டாங்க. எவனோ ஒரு புண்ணியவான் என்ற வீடியோவை எடுத்துப் போலீசுக்கு அனுப்பிச்சுட்டான். அதுல நம்பர் பிளேட்டு பளபளன்னு தெரியுது. தெரியாம என்ன செய்யும்? நானே எழுதுனதாச்சே. ஸ்டிக்கர் கடைக்காரன், நம்பரைச் சுமாரா எழுத மனசு வருமுங்களா?

அய்யோ, தட்டிட்டனுங்களா? தொடையில தட்டறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. பேசறப்பக் கை சும்மா இருக்காது. அது ஒரு பழக்கம். அதுக்கும் ஒரு காரணம் இருக்குது, சொல்றேன்.

இப்ப எங்க போறேன்னா, மாமியார் ஊட்டுக்கு. சம்சாரத்தைக் கூட்டிட்டு வரோணும். கோகிலவாணின்னு பேரு, நான் வாணின்னு கூப்புடுவேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. எதுக்குக் கோவம்னா, அதுதாங்க எனக்குத் தெரியலை. சத்தியமாத் தெரியலை. அடிச்சேனா? இல்லை. குடிச்சேனா? வீலிங் பண்றவன் குடிக்க முடியாது. வேற பொம்பளை பக்கம் திரும்பிப் பார்த்தேனா? எனக்கு நேரமேது? அவளை ஊரே பார்க்க வெச்சேன். எங்கயோ துபாய்ல இருந்து ஒருத்தன் 'அக்கா சூப்பர்'னு போடறான். அப்படி எந்தப் புருசன் பண்ணுவான், நீங்களே சொல்லுங்க.

நான் தனியாத் தூக்குன காலத்துல ஒரு நாய் பார்க்கலீங்க. வருசக்கணக்காத் தூக்குனேன். பார்க்கறது நானு, என்ற சிநேகிதக்காரனுக ரெண்டு பேரு. அப்பொறம் கல்யாணமாச்சு. விருந்துக்கு அவ ஊருக்குப் போறோம். ஊர் எல்லையில நாலு பேரு நின்னாங்க. நம்ம மாப்ளை யாருன்னு தெரியட்டுமேன்னு, சும்மா வெளையாட்டுக்கு ஒரு தூக்குத் தூக்குனேன். பட்டுச்சேலை, கழுத்துல மாலை, அப்படியே என்ற வயித்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு வீல்னு கத்துனா பாருங்க. ஒருத்தன் அதை எடுத்துட்டான். அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஊரு ஒலகமெல்லாம் பார்த்துருச்சு. 'புதுப்பொண்ணு கத்தல்'னு தலைப்பு. எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. சனங்க சக்கரத்தைப் பார்க்க வர்றதில்லை, பின்னால ஒக்காந்திருக்கற மூஞ்சியைப் பார்க்க வர்றாங்க.

அப்பொறம் எங்க போனாலும் ரெண்டு பேருந்தான். லோகு–வாணி. ஜோடிப் பேரு.

அவளுக்கு ஆரம்பத்துல பயம். ஒடம்பு வேற லேசு. பின்னால கனமில்லாட்டி முன்னால தூக்கறது செரமம். அதுக்குத்தான் ஒரு வழி கண்டுபுடிச்சேன். ஓட்டிட்டே எடது கையைப் பின்னால விட்டு, அவ முழங்கால்ல ரெண்டு தட்டுத் தட்டுவேன். தட்டுனதும் அவ என்னை விட்டுட்டு, சீட்டுக்குப் பின்னால இருக்கற கம்பியைப் புடிச்சு மல்லாந்து சாயோணும். அதே நேரத்துல நான் முறுக்கோணும். முன்சக்கரம் பூ மாதிரி எந்திரிக்கும். இந்தச் சோலியில ரோசனை பண்ணக்கூடாதுங்க. தட்டுனாச் சாயோணும், அவ்வளவுதான். ரோசனை பண்ணுனா ரெண்டு பேருக்கும் மண்டை ஒடையும்.

அதனால ஊட்டுலயே பழக்குனேன். கட்டில் மேல ஒக்கார வெச்சு, தட்டுனாச் சாயி, தட்டுனாச் சாயின்னு. காயி அரிஞ்சுட்டு இருக்கறப்பத் தட்டுவேன். டி.வி. பார்க்கறப்பத் தட்டுவேன். ஒரு நாள் சோறு தின்னுட்டு இருக்கறப்பச் சும்மா தட்டிப் பார்த்தேன், பொசுக்குனு சாஞ்சா பாருங்க, பின்மண்டை செவுத்துல போயி இடிச்சுது. சிரிச்சோம் பாருங்க அன்னிக்கு! நான் அப்படிச் சிரிச்சேன். அவளும் சிரிச்சிருப்பா.

வீடியோவுல நல்லாச் சிரிப்பாளுங்க. நான் பாட்டுச் சேர்த்திருவேன், அதனால சத்தம் கேக்காது. பல்லு மட்டும் தெரியும். பார்க்கறவங்களுக்குச் சிரிக்கறாப்பலதான் இருக்கும்.

அவ என்ன சொன்னாளா? என்ன சொல்லுவா. அவளுக்குப் பேச்சுக் கம்மி. 'மாமா, இந்த வாரம் வேண்டாமே'ம்பா. ஒவ்வொரு வாரமும் அதையேதான் சொல்லுவா. இந்த வாரம் வேண்டாம்னா அடுத்த வாரம் சரின்னுதானே அர்த்தம்? அடுத்த வாரமும் அதையே சொல்லுவா. என்னண்ணா, மிக்சியை அந்தப் பக்கம் மாத்திட்டீங்க? நான் தட்டறது கஷ்டமா இருக்குதுங்களா? சரி சரி, கையைக் கட்டிக்கறேன்.

அவளுக்குக் காலு போனது வீலிங்ல இல்லீங்க. அதை மொதல்ல சொல்லிர்றேன். ஊருக்குள்ள எல்லாரும் லோகு வண்டியைத் தூக்கிப் பொண்டாட்டி காலை ஒடச்சுட்டான்னு பேசறாங்க. பேசறவன் வாயில புண்ணு வரட்டும். அன்னிக்கு வீடியோவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மாமியாருக்குக் காய்ச்சல்னு பார்க்கப் போறோம். சாயங்கால நேரம். மழை பேஞ்சு விட்டிருக்குது. ரெண்டு பக்கமும் புளியமரம், காத்து அப்படி வருது. அவ ஒரு கையில சாத்துக்குடிப் பை, ஒரு கை என்ற தோள்ல. என்ற முதுகுல தலையைச் சாச்சுட்டு வந்தா. எப்பவும் அப்படிச் சாய மாட்டா. எனக்கு என்னமோ மனசு நெறஞ்சாப்பல இருந்துச்சு. நம்ம பொண்டாட்டி, நம்ம வண்டி, நம்ம ரோடுன்னு. பாசமா, கையைப் பின்னால விட்டு அவ முழங்கால்ல தட்டிக் குடுத்தேன்.

அவ்வளவுதாங்க. அவ சாஞ்சுட்டா.

தோள்ல இருந்து கையை எடுத்து, இன்னொரு கையில பை இருக்கறதையும் மறந்து, அப்படியே மல்லாந்துட்டா. நான் முறுக்கவே இல்லை. சக்கரம் தரையில கெடக்குது. திரும்பிப் பார்த்தா ரோடு பூரா சாத்துக்குடி உருளுது, அவ கெடக்கறா. காலு வேற பக்கமா மடிஞ்சு கெடக்குது. நான் தட்டுன அதே முழங்காலு.

நான் கேக்கறேன், பாசமாத் தட்டறதுக்கும் சாயச் சொல்லித் தட்டறதுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமுங்களா ஒரு பொண்டாட்டிக்கு? அதை நான் சொல்லிக் குடுக்கோணுமா? ஆஸ்பத்திரில அவகிட்டயும் கேட்டேன். 'நீ எப்பத் தட்டுனாலும் அதுக்குத்தானே மாமா தட்டுவே'ன்னா. மருந்து மயக்கத்துல பேசறான்னு விட்டுட்டேன்.

கம்பி வெச்சாங்க. காலு மடங்காதுன்னுட்டாங்க. நீட்டுன காலு நீட்டுனபடி. ஊட்டுக்குள்ள செவுத்தைப் புடிச்சு இழுத்து இழுத்து நடப்பா. நான் பார்த்துக்கிட்டேனுங்க. இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிரும். தலைக்கு எண்ணெ வெச்சு விட்டிருக்கேன், குளிக்கத் தண்ணி வெளாவி வெச்சிருக்கேன். ஆனா கடையும் ஓடலை, வீடியோவும் ஓடலை. நான் தனியாப் போட்டா, 'அக்கா எங்கே, அக்கா எங்கே'ங்கறான். என்னை ஒருத்தனும் கேக்கலை.

அப்பத்தான் கலெக்டர் ஆபீஸ் விழாவுல அவளுக்கு அந்த வண்டி குடுத்தாங்க. நடக்க முடியாதவங்களுக்கு அரசாங்கத்துல குடுப்பாங்களே, ஸ்கூட்டருக்குப் பின்னால ரெண்டு பக்கமும் சக்கரம் வெச்சு. மூணு சக்கர வண்டிம்பாங்க. அவ அதுல ஏறி ஒக்காந்து ஹாரன் அடிச்சா. சின்னப்புள்ளையாட்டம் திரும்பத் திரும்ப அடிச்சா. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. நல்லா இருக்கறவன் ரெண்டு சக்கரத்துல தூக்கறது என்ன பெரிசு? காலு முடியாத பொம்பளை மூணு சக்கர வண்டியில தூக்குனா? அதை எவன் பண்ணியிருக்கான்? ஒருத்தன் பண்ணலை. அங்கியே வெச்சு அவகிட்டச் சொன்னேன், வாணி, நம்ம காலம் திரும்ப வந்துருச்சுன்னு. ஹாரன் அடிக்கறதை நிறுத்திட்டா.

சந்தைப்பேட்டை மைதானத்துல பழக்குனேன். அந்த வண்டியை முன்னால தூக்கறது செரமம், பொறத்தாண்ட கனம் வெக்கோணும். ஆனா வேகமா வட்டம் அடிச்சு ஒடம்பை வெளிப்பக்கம் சாச்சா, உள்பக்கத்துச் சக்கரம் அந்தரத்துல எந்திரிக்கும். நான்தாங்க கத்துக்குடுத்தேன். முறுக்கறது, விடறது, சாயறது, எல்லாம் நானு. மடங்காத காலு வெளிய நீட்டிக்கிட்டு நின்னுது. வீடியோவுல பார்க்க நல்லா இல்லை, ஆபத்துந்தான். அதனால ஒரு பெல்ட்டு வாங்கி, காலை வண்டியோட சேர்த்துக் கட்டிருவேன். அவளாக் கட்டவும் முடியாது, அவுக்கவும் முடியாது. குனிய முடியாதில்லைங்க. நான்தான் கட்டுவேன், நான்தான் அவுப்பேன். அத்தனை பாசமாக் கட்டுவேன்.

பிச்சுக்கிட்டுப் போச்சு. 'இரும்பு மனுசி'ன்னு பேரு வெச்சாங்க. 'உங்களைப் பார்த்தா வாழ்க்கையில நம்பிக்கை வருது அக்கா'ன்னு போடறாங்க. ஒரு டீச்சரம்மா பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுனாங்களாம். இவ என்னடான்னா, மூஞ்சியை உம்முனு வெச்சுக்கிட்டு ஒரு ஜாண் தூக்குவா, கீழ போட்டிருவா. கண்ணு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நான் கெஞ்சோணும். போன வாரம் ஒரு ஜாண்னா, இந்த வாரம் ஒண்ணரை ஜாணாச்சும் வேணும். இல்லாட்டிப் பார்க்கறவனுக விட்டுட்டுப் போயிருவானுங்க. அந்தக் கஷ்டம் யாருக்குத் தெரியுது? ராத்திரி கண்ணை மூடுனா, சக்கரந்தான் வருது. தூக்குன சக்கரத்தை எப்படி எறக்கறதுன்னு தெரியலை. நிறுத்திரலாம்னு நானும் நெனச்சிருக்கேங்க. நிறுத்துனா நான் யாரு? நம்பர் எழுதறவன். அவளுக்குக் கால்ல பெல்ட்டு, எனக்கு எங்க கட்டியிருக்குதுன்னே தெரியலீங்கண்ணா. அதை நெனச்சா எனக்கே பாவமா இருக்குது.

சரி, அவ போனதுக்கு வர்றேன்.

அன்னிக்கும் மைதானந்தான். எடுத்து முடிச்சாச்சு. பல்லடத்துல இருந்து நாலு பசங்க வந்திருந்தானுக, நம்ம வீடியோ பார்க்கறவனுக. அண்ணா ஒரு போட்டோ, அண்ணா ஒரு டீன்னு கூப்புட்டானுக. நம்மளை மதிச்சு வந்தவனை விட்டுட்டு எப்படிப் போறது? அவ, 'மாமா, சித்தெ காலை அவுத்து விட்டுட்டுப் போ'ன்னா. இரு கண்ணு, பத்து நிமிசம்னேன். அவளும் வண்டி மேலதானே ஒக்காந்திருக்கா, நின்னுட்டா இருக்கா? டீக் குடிச்சோம். வண்டி பேச்சு, சைலன்சர் பேச்சு, நேரம் போனது தெரியலை. பத்து நிமிசமோ, கூடக் கொறச்சலோ. திரும்பி வர்றப்ப, அவளை நிறுத்துன புங்கமர நெழலு எங்கியோ நகர்ந்து போயிருந்துச்சு. அந்த எடத்துல வெயிலு காயுது. வண்டியைக் காணம்.

பதறிப் போயிட்டேன். எவனோ வண்டியைத் திருடிட்டான்னு மைதானம் பூரா ஓடறேன். கத்தறேன். அந்தப் பசங்கள்ல ஒருத்தன்தான் கேட்டான், 'அண்ணா, அக்கா அதுலதானே ஒக்காந்திருந்தாங்க?'ன்னு. அப்பத்தான் எனக்கு அது ஞாபகம் வந்துச்சு.

நேரா அம்மா ஊட்டுக்கு ஓட்டிட்டு வந்துட்டா. இந்த ரோட்டுலதான். இத்தனை லாரி, இத்தனை பஸ்ஸு. காலைக் கட்டுனது கட்டுனபடி. ஒண்ணு ஆயிருந்தா எறங்கித் தப்பிச்சு ஓடக்கூட முடியாது. இந்தத் தைரியம் யாரு குடுத்தது? நான் குடுத்தது. என்ற கையால கத்துக்குடுத்த வித்தையை வெச்சு என்னை விட்டுட்டு வர்றா. இது நாயமுங்களா?

போன் பண்ணுனா மாமியார்தான் எடுப்பாங்க. 'அவ தூங்கறா மாப்ளை.' காலையில பண்ணுனாலும் தூங்கறா. மத்தியானம் பண்ணுனாலும் தூங்கறா. ஒரு மனுசி இத்தனை தூக்கமா தூங்குவா? என்ற கூட இருந்தப்பத் தூங்கவே மாட்டாளுங்க. தெரியாம என்ற கை பட்டாக்கூட தூக்கத்துல வெடுக்குனு பின்னால சாய்வா, கட்டில் சட்டத்துல தலை இடிக்கும். அதனால நான் தள்ளிப் படுத்துக்குவேன். அந்தளவுக்கு அனுசரிச்சுப் போனேன்.

இன்னிக்கு எப்படியும் கூட்டிட்டுப் போயிரோணும். ஞாயித்துக்கெழமை கோயமுத்தூர்ல ஒரு வண்டிச் சாமான் கடை தெறப்பு விழா. எங்களைக் கூப்புட்டிருக்காங்க. கடை முன்னால அவ மூணு சக்கரத்துல வட்டம் அடிச்சுத் தூக்கோணும், நான் மைக்ல பேசோணும். பேனர் அடிச்சாச்சு. அதுல அவ படந்தான் பெரிசு, என்றது மூலையில. அதுக்காகக் கூட்டிட்டுப் போறேன்னு நெனக்காதீங்க. பொண்டாட்டியைக் கூப்புடப் போறேன், அவ்வளவுதான். ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்தா நல்லதுன்னு சொல்றேன்.

வெறுங்கையோட போகலீங்க. இந்தப் பையில என்ன இருக்குதுன்னு பாருங்க. புது பெல்ட்டு. பழசு கொஞ்சம் அறுக்கும், காலு கன்னிப் போயிருந்துச்சு. இது உள்ள பஞ்சு வெச்சுத் தெச்சது. தொட்டுப் பாருங்களேன், மெத்துன்னு இருக்குது. சேலை வாங்கலாம்னுதான் போனேன். அப்பொறம், அவளுக்கு எது தேவைன்னு நமக்குத் தெரியாதான்னு இதை வாங்குனேன்.

அட, ஏனுங்க நின்னுட்டான்? ரயில்வே கேட்டுங்களா? போச்சு போங்க. கேட்டுத் தாண்டுனா மொத ஸ்டாப்புதான் நான் எறங்கறது. கண்ணுக்குத் தெரியற தூரம். பாருங்க, உங்க சன்னல்ல இருந்தே தெரியும், தண்டவாளத்துக்கு அக்கட்ட தென்னந்தோப்பு, அதுக்கு முன்னால கொப்பரை காய வெக்கற களம். அந்தக் களத்துக்குப் பின்னால ஓட்டு ஊடுதான் மாமியார் ஊடு. எறங்கி நடந்தரலாம்தான். எங்க எறங்கறது? படியில பாருங்க, எறும்பு நொழைய எடமில்லை. இதுல கூட்ஸு வேற வருது. அது என்ன லேசுல முடியற வண்டியா? பெட்டி பெட்டியா ஆடி அசைஞ்சு போகும்.

இதாங்க, வண்டி இருந்தா சந்துல பூந்து வந்து கேட்டுக்கு முன்னால நின்னிருப்பேன். இப்ப நாலு பக்கமும் அடைச்சு, நடுவுல ஒக்கார வெச்சுட்டாங்க.

அண்ணா, கொஞ்சம் தலையை அந்தப் பக்கம் சாயுங்க. ஒரு நிமிசம். அந்தக் களத்துல என்னமோ சுத்துதே. நீல வண்டி. அது அந்த வண்டிதானே? பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல பாருங்க. இப்பத் தெரியுதா? மறைச்சிருச்சு. இருங்க, அடுத்த பெட்டி போகட்டும். தெரியுதா? அவதாங்க. வாணிதான். தூங்கறான்னு சொன்னாங்களே.

பின்னால யாரு ஒக்காந்திருக்கறது? மாமியாரா? அடக் கெரகமே, மாமியாருங்க! என்னைப் பார்த்தா அந்தச் சனியன் புடிச்ச வண்டியை மொதல்ல வித்துத் தொலைங்க மாப்ளைன்னு திட்டற பொம்பளை. மக இடுப்பைக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்குது. கொப்பரையைச் சுத்தி வட்டம் அடிக்கறாங்க. மறைச்சிருச்சு. எத்தனை பெட்டிடா வெச்சிருக்கறே.

தூக்கறாளுங்க! அண்ணா, பார்த்தீங்களா? உள்சக்கரம் எந்திரிச்சிருச்சு. ஒரு ஜாண் இல்லைங்க அது. ரெண்டு ஜாண், அதுக்கும் மேல. கீழ போடவே மாட்டேங்கறா. நான் கண்ணு கண்ணுன்னு கெஞ்சுனப்ப இதுல பாதி தூக்கலீங்களே. பெல்ட்டும் இல்லை. காலைப் பாருங்க, காலை வெளிய நீட்டி விட்டிருக்கா. நீட்டுன காலுதான் கனம் புடிக்குது, அதனாலதான் அத்தனை எந்திரிக்குது. எனக்கு இது தோணலையே. கட்டி வெச்சதுனாலதான் எந்திரிக்கலியா?

இருங்க, போனை எடுத்தர்றேன். இதை விடக்கூடாது. இந்தச் சன்னல் கம்பி வேற குறுக்க விழுகுது. அண்ணா, இந்த மிக்சியைச் சித்தெ நகர்த்துங்க. வாணி! ஏ வாணி! கூட்ஸு சத்தத்துல என்னத்தைக் கேக்கும். மறைச்சிருச்சு. அடுத்த பெட்டி. வந்துட்டா. சிரிக்கறா. மாமியாரும் சிரிக்கறாங்க. தலையைப் பின்னால போட்டுச் சிரிக்கறா. இவ இப்படிச் சிரிப்பாளா? நான் எத்தனை வீடியோ எடுத்திருக்கேன், ஒண்ணுல இந்தச் சிரிப்பு இல்லீங்களே.

கூட்ஸு போயிருச்சு. கேட்டைத் தூக்கறாங்க. ஆமாங்க, இதுதான் ஸ்டாப்பு. கண்டக்டர் கூப்புடறது கேக்குது. எறங்கோணும். எறங்கறேன். போன்ல ஒண்ணும் விழுகலீங்க, வெறும் கம்பியும் பெட்டியுந்தான் விழுந்திருக்குது. இன்னொரு சுத்து வர்றா பாருங்க. இன்னும் தூக்கியேதான் வெச்சிருக்கா.

இல்லீங்க கண்டக்டர், எறங்கலை. நீங்க ரைட்டுக் குடுங்க. உடுமலைக்கே ஒரு டிக்கெட்டுப் போடுங்க.

அண்ணா, நீங்க பெரியவரு, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் நல்லாப் பார்த்துட்டேன், அந்தக் களத்துல ஒரு போனு இல்லை. நின்னு பார்க்கறதுக்கு ஒரு ஆளு இல்லை. தட்டறதுக்கு நானும் இல்லை. அப்பொறம் யாருக்காகத் தூக்கறா?